அட்டையில் ஒரு தப்பு

ஒரு ராக் ஆல்பம், அட்டையில் பெரிய எழுத்தில் ஸ்பெல்லிங் தப்போடு வெளிவந்தது. யாரும் பெரிசு பண்ணவில்லை. வாங்கினால்தானே படிப்பதற்கு!

1968 ஏப்ரல், இங்கிலாந்து. ஆல்பம் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. கோஷ்டியின் பெயர் ஜோம்பீஸ், அதாவது எழுந்து நடமாடும் பிணங்கள். பயப்படாதீர்கள். செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள், சாதுக்கள். அட்டை வரைந்த நண்பர் 'ஒடிஸி'யில் முதல் 'ஒய்'க்குப் பதிலாக 'இ' போட்டுவிட்டார். அச்சான பிறகு, "வேணும்னுதான் அப்படி எழுதினோம்" என்று சமாளித்தார்கள்.

போன வாரம் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டேன். 12 பாட்டு, சுமார் முப்பத்தைந்து நிமிஷம். முதல் பாட்டு, பியானோ துள்ளத் துள்ள ஒரு காதல் கடிதம். குஷியாகத் தலையாட்டினேன். இரண்டாம் தடவைதான் உறைத்தது, கடிதம் போவது ஜெயிலுக்கு! விடுதலையாகப் போகிற காதலிக்கு எழுதுகிறான்.

"நடுராத்திரியில யாருக்குத் தலையாட்டறீங்க?" என்றாள் மனைவி.

"ஜெயில்லேர்ந்து ஒரு பொண்ணு வரா."

"வரட்டும். லைட்டை அணைங்க."

கம்பெனி கொடுத்த பட்ஜெட் ஆயிரம் பவுண்டு. பீட்டில்ஸ் தங்களுடைய 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தை முடித்த கையோடு, 1967-ல் அதே அபி ரோடு ஸ்டூடியோவில் ரிக்கார்டிங். ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காசில்லை. மெல்லோட்ரான் கை கொடுத்தது. கட்டையை அமுக்கினால் டேப்பில் பதிந்து வைத்த வயலினும் புல்லாங்குழலும் பேசும் பெட்டி அது. எல்லாம் முடிந்தபின் கம்பெனி ஸ்டீரியோ கேட்டது. பட்ஜெட் காலி. பாட்டெழுதிய ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் ஒயிட்டும் சொந்தப் பணம் போட்டு முடித்துக் கொடுத்தார்கள்.

அதற்குள் கோஷ்டிக்கே மூச்சு நின்றிருந்தது. 1967 டிசம்பரில் கலைந்துவிட்டார்கள். பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடைசிப் பாட்டு 'டைம் ஆஃப் த சீசன்'. பாடும்போது ஆர்ஜென்ட் திருத்திக்கொண்டே இருக்க, பிளன்ஸ்டோனுக்குக் கடுப்பாகிச் சண்டையே வந்ததாம். அந்தப் பாட்டு 1969-ல் அமெரிக்காவில் மூன்றாம் இடத்துக்கு ஏறியது. "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டார்கள். திரும்பச் சேர இவர்களுக்கு மனசில்லை. போலி ஜோம்பீஸ் கோஷ்டிகள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தன. ஒன்றில் வாசித்த இருவர் பின்னாளில் ஸீஸீ டாப் கோஷ்டியில் பிரபலமானார்கள். அசல் செத்தபின் நகல் நடமாடியது, பெயர்ப்பொருத்தம் பிரமாதம்!

என்னை உறுத்துவது வேறு. கலையப்போகிற கோஷ்டிக்கு இத்தனை சிரத்தை எதற்கு? பணமில்லை, கேட்க ஆளில்லை, சேர்ந்திருக்கப் போவதுமில்லை. வேலையை விடப்போகிற கடைசி மாசத்தில் நாமெல்லாம் எந்த லட்சணத்தில் ஃபைல் பார்ப்போம் என்று எனக்குத் தெரியும். இவர்கள் கோரஸில் ஒரு குரல் பிசகுவதற்குக்கூடச் சண்டை போட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

2008-ல், நாற்பது வருஷம் கழித்து, உயிரோடிருந்த நால்வரும் லண்டன் மேடையில் முழு ஆல்பத்தையும் பாடினார்கள். இந்தத் தடவை ஜனம் வந்தது.

அட்டையில் அந்தத் தப்பு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாட்டில் ஏதாவது கிடைக்குமா என்று மூன்றாம் தடவையும் கேட்டேன். லைட்டை அவளே எழுந்து அணைத்தாள்.