கலங்கிய கண்ணும் ஓங்கிய கம்பும்: புனைவு அறத்தைக் கற்பிக்குமா?

ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறான ‘ஜூட்டன்’ 1997-இல் இந்தியில் வெளிவந்தது. அதில் ஒரு வகுப்பறைக் காட்சி வருகிறது. ஆசிரியர் துரோணரின் வறுமையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். பசித்து அழுத மகன் அசுவத்தாமனுக்குப் பால் கொடுக்க வழியில்லாத துரோணர், மாவை நீரில் கரைத்துக் கொடுத்தார் என்று சொல்லும்போது ஆசிரியரின் கண்கள் கலங்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. வகுப்பும் உருகுகிறது. அப்போது தலித் சிறுவனான வால்மீகி எழுந்து ஒரு கேள்வி கேட்கிறான். அசுவத்தாமனுக்குப் பாலுக்குப் பதில் மாவுக்கரைசல் கிடைத்தது. சோறு வடித்த கஞ்சியைக் குடித்து வளரும் எங்களைப் பற்றி எந்தக் காவியமும் ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை? ஆசிரியரின் இரக்கம் அந்தக் கணத்தில் சினமாகிறது. சிறுவனைக் குனிந்து நிற்கவைத்துக் கம்பால் அடிக்கிறார். எழுதப்படாத காவியம் அவன் முதுகில் எழுதப்படுகிறது.

கலையும் புனைவும் அறவறிவைத் தருமா என்ற பழைய விவாதத்துக்கு இந்தக் காட்சியைவிடக் கடுமையான சோதனை கிடைப்பது அரிது. கதை இருந்தது, உணர்ச்சி இருந்தது, கண்ணீரும் ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியில், கதையில் வந்த அதே வறுமை உயிரோடு எழுந்து நின்று பேசியபோது, கண்கலங்கியவர் அதை அடித்து உட்கார வைத்தார். இலக்கியம் மனிதரைப் பண்படுத்தும் என்று விழா மேடைகளிலும் பாடத்திட்ட முன்னுரைகளிலும் ஓயாமல் சொல்லுகிறவர்கள் இந்த ஆசிரியருக்கு என்ன விளக்கம் தருவார்கள்?

இந்திய இலக்கியக் கோட்பாட்டில் இக்கேள்விக்கு ஓர் அழகான விடை உண்டு. பதினோராம் நூற்றாண்டின் காஷ்மீர அறிஞர் மம்மடர், ‘காவியப் பிரகாசம்’ என்னும் நூலில் அறிவுரையின் வகைகளை வேறுபடுத்துகிறார். வேதம் தலைவனைப்போல் ஆணையிடுகிறது. இதிகாச புராணங்கள் நண்பனைப்போல் எடுத்துரைக்கின்றன. காவியமோ அன்புக்குரிய துணையைப்போல் இனிமையால் மனத்தை வயப்படுத்தி நல்வழியை உணர்த்துகிறது. இந்தப் பகுப்பு நுட்பமானது. ஆனால் காவியம் கடைசியில் உணர்த்துவது என்ன என்று கேட்டால், இராமனைப்போல் நடக்க வேண்டும், இராவணனைப்போல் நடக்கக் கூடாது என்ற அளவில் உரை நின்றுவிடுகிறது. இது காவியம் இல்லாமலே தெரிந்த செய்தி. தேன் தடவியிருந்தாலும் மருந்து பழைய மருந்துதான்.

கலையின் அறிவுப்பயனை ஐயுறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இடமும் இதுவே. அமெரிக்க அழகியலாளர் ஜெரோம் ஸ்டோல்னிட்ஸ் 1992-இல் எழுதிய கட்டுரை இந்த ஐயத்தைக் கூர்மையாக முன்வைத்தது. ஒரு பெரிய நாவலிலிருந்து அது சொல்லும் ‘உண்மை’யைப் பிரித்தெடுத்து ஒரு வாக்கியமாக எழுதினால், எஞ்சுவது யாருக்கும் தெரிந்த பொதுமொழி மட்டுமே என்பது அவர் வாதத்தின் சாரம். இன்னொரு தடையும் உண்டு. புனைவில் நிகழ்பவை நிகழாதவை. நிகழாதது எதற்கும் சான்றாகாது. தான் விரும்பும் முடிவுக்கு ஏற்பக் கதைமாந்தரை வாழவும் சாகவும் வைக்கிற எழுத்தாளரின் கையிலிருந்து கிடைப்பதை அறிவு என்று எப்படி அழைப்பது?

இரண்டும் வலுவான தடைகள். ஒரு குறிப்பிட்ட கதையை வைத்தே இவற்றைச் சோதிக்க வேண்டும்.

பிரேம்சந்தின் ‘தாக்கூரின் கிணறு’ 1932-இல் வெளியான மிகச் சிறிய கதை. தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டோரின் கிணற்று நீர் நாறுகிறது. நோயுற்ற கணவன் ஜோக்குவுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர, இரவில் தாக்கூரின் கிணற்றடிக்குப் போகிறாள் கங்கி. குடத்தை இறக்கி, மேலே இழுத்துக் கையில் பற்றும் வேளையில் தாக்கூரின் வீட்டுக் கதவு திறக்கிறது. கயிறு கைநழுவுகிறது. அவள் ஓடித் தப்புகிறாள். வீடு சேரும்போது ஜோக்கு அந்த நாறிய நீரையே குடித்துக்கொண்டிருக்கிறான்.

நீர் மறுப்பது தீது என்பதை இந்தக் கதை உலகுக்கு அறிவித்தது என்று சொல்ல முடியாது. பொது நீர்நிலைகளைத் தீண்டத்தகாதோருக்குத் திறக்கும் தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இலேயே நிறைவேற்றியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானோருடன் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அதற்குப் பின் சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கியதும், சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை ஊற்றிக் குளத்தைத் ‘தூய்மை’ செய்ததும் வரலாறு. வழக்கு நீண்டு, 1937-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீண்டத்தகாதோர் பக்கம் தீர்ப்பளித்தது. கூற்று என்ற அளவில் சொல்லப்பட வேண்டியவை எல்லாம் குளத்தங்கரையிலும் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லப்பட்டவை. ஸ்டோல்னிட்ஸின் அளவுகோலில் கதை புதிதாக எதையும் தரவில்லை.

ஆனால் கதையில் கூற்றல்லாத ஒன்று நடக்கிறது. கிணற்றடியில் மறைந்திருக்கும் கங்கி முதலில் தனக்குள் வாதிடுகிறாள். திருடுகிறவர்கள், சூதாட்டத்துக்கு வீட்டைத் திறந்து வைப்பவர்கள், நெய்யில் எண்ணெய் கலப்பவர்கள் எப்படி உயர்ந்தவர்கள் ஆனார்கள் என்று கேட்கிறாள். இது கூர்மையான வாதம். ஆயினும் இது மட்டுமே கதையின் செய்தி என்றால் அது குறையுள்ளது. தாக்கூர் நேர்மையானவராக இருந்திருந்தால் கிணற்றைப் பூட்டுவது முறையாகிவிடுமா? கதை அங்கே நிற்கவில்லை. உயர்சாதிப் பெண்கள் இருவர் நீரெடுக்க வருகிறார்கள். ஆண்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆணையிடுகிறார்கள், தாங்கள் அடிமைகளைப்போல் ஓட வேண்டியிருக்கிறது என்று தம்முள் நொந்துகொள்கிறார்கள். இருட்டில் ஒளிந்திருக்கும் கங்கியின் செவி வழியாகவே வாசகருக்கு அந்தப் பேச்சு எட்டுகிறது. அடிமைத்தனத்தைச் சரியாகப் பெயரிட்டுச் சொல்லத் தெரிந்த இருவர், அவர்களுக்குச் சில அடி தள்ளி, அவர்கள் சென்றால்தான் வெளியே வர முடியும் என்று மூச்சடக்கிக் காத்திருக்கும் மூன்றாமவள். கதைசொல்லி இதற்கு விளக்கவுரை எழுதுவதில்லை. தன் துன்பத்தை அறிந்தவர்க்குப் பிறர் துன்பம் தானாகத் தெரிந்துவிடும் என்ற ஆறுதலான நம்பிக்கை அந்தக் கிணற்றடியில் அமைதியாக உடைகிறது.

இங்கே கிடைப்பது எவ்வகை அறிவு? மொழியியலிலிருந்து ஓர் ஒப்புமை உதவும். இந்தியில் ஒற்றைக் கண்ணன், உணவு, பாட்டு ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்கள் முதல் மெய்யொலியில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் மூன்றையும் ‘கானா’ என்றே எழுத வேண்டியிருக்கும். மூச்சோடு வரும் ககரத்துக்கும் மூச்சின்றி வரும் ககரத்துக்கும் உள்ள வேறுபாடு தமிழில் பொருளை மாற்றுவதில்லை. எனவே இந்தி கற்கும் தமிழருக்கு அந்த வேறுபாட்டைப் பற்றிய விதியை ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். தேர்வில் அவர் சரியாக எழுதியும் விடுவார். ஆனால் தெருவில் ஒருவர் விரைந்து பேசும்போது செவி அதைப் பிடிப்பதில்லை. விதியை அறிவது ஓர் அறிவு. வேறுபாட்டைக் கேட்பது இன்னோர் அறிவு. பின்னது, ஒரே ஓர் ஒலியால் வேறுபடும் சொல்லிணைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகுவதால் மட்டுமே வாய்க்கிறது. அந்தப் பழக்கத்துக்காக ஆசிரியர் கட்டமைக்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் கற்பனையானவை. அவற்றை யாரும் எங்கும் பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றால் வாய்க்கும் கேள்திறன் உண்மையானது.

புனைவு அறவாழ்வுக்கு அத்தகைய பயிற்சிக்களம். ‘தீண்டாமை குற்றம்’ என்பது விதி. 1950 முதல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த விதியைப் பிழையின்றி ஒப்பிக்கிறவர், தம் வீட்டில் வேலைசெய்பவருக்கென்று தனியே ஒதுக்கிய குவளையில் எந்த வேறுபாட்டையும் காணாமல் இருக்கலாம். அவரிடம் இல்லாதது விதியறிவு அன்று, கேள்திறன். ஐயுறுவோரின் முதல் தடை இங்கே தளர்கிறது. கதையை வாக்கியமாகச் சுருக்கினால் பொதுமொழிதான் எஞ்சும் என்பது மெய். சொல்லிணைப் பயிற்சியைச் சுருக்கினாலும் ஒரு பொதுவிதிதான் எஞ்சும். அதனால் பயிற்சி வீண் என்று எந்த மொழியாசிரியரும் முடிவுகட்டமாட்டார்.

இரண்டாம் தடை அவ்வளவு எளிதில் விலகாது. செவியைப் பழக்கும் கை தவறாகவும் பழக்கலாம். காந்தி தம் இளமையில் பார்த்த அரிச்சந்திர நாடகம் தம்மை ஆட்கொண்டதாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாய்மையின் மேல் அவருக்கு வாழ்நாள் முழுதும் இருந்த பற்றின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. அதே கதையில் ஒரு கணவன் தன் சொல்லைக் காக்க மனைவியையும் மகனையும் விற்கிறான். சுடுகாட்டில் பிணம் எரிக்கும் தொழில் ஓர் அரசன் விழக்கூடிய கடைசிப் பள்ளமாகக் காட்டப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலில் வைக்கப்பட்டவருக்கு அந்தப் பள்ளமே பிறந்த வீடு என்பது கதையின் பார்வைக்குள் வருவதே இல்லை. வாய்மைக்குச் செவியைத் திறக்கும் கதை, வேறு இரண்டு குரல்களுக்கு அதை அடைத்தும் விடுகிறது. வெளிப்படையாகச் சொல்வதை மறுக்கலாம். சொல்லாமலே ஏற்கவைப்பதை மறுப்பதற்கு, அது அங்கே இருக்கிறது என்பதை முதலில் யாரேனும் காட்ட வேண்டும்.

பிரேம்சந்தும் இதற்கு விலக்கல்லர். பிள்ளைப்பேற்று வலியில் மருமகள் துடிக்கையில் வெளியே உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கும் மாமனையும் கணவனையும் ‘கஃபன்’ கதையில் அவர் படைத்தார். வறுமை மனிதரை எவ்வளவு தூரம் உலர்த்திவிடும் என்பதற்குச் சான்றாக அதை நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். தலித் விமர்சகர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்: அந்த உணர்ச்சியற்ற சோம்பேறிகளுக்கு ஏன் அந்தச் சாதி குறிப்பிட்டு அளிக்கப்பட்டது? 2004-இல் பாரதீய தலித் சாகித்ய அகாடமி டெல்லியில் ‘ரங்கபூமி’ நாவலின் படிகளை எரித்தது. நாயகன் சூர்தாசைச் சாதிப்பெயரோடு சேர்த்தே சுட்டியது அவர்களின் குற்றச்சாட்டு. நூலை எரிப்பது விமர்சனமாகாது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு விமர்சனமே. அதற்குப் பதில் சொல்லாமல், பெரிய எழுத்தாளரின் நல்ல உள்ளத்தைச் சாட்சிக்கு அழைப்பது போதாது.

ஆகவே புனைவு தரும் அறவறிவு தனக்குத் தானே சான்றிதழ் வழங்கிக்கொள்ள முடியாது. அது பிற சான்றுகளோடும், பட்டவரின் வாய்மொழியோடும், பிற நூல்களோடும் உரசிப் பார்க்கப்பட வேண்டும். இந்த உரசல் இலக்கியத்துக்குள்ளேயே நடப்பதும் உண்டு. பிரேம்சந்தின் கதைத் தலைப்பையே எடுத்துக்கொண்டு வால்மீகி 1981-இல் ஒரு கவிதை எழுதினார். கதையில் கிணறு மட்டுமே தாக்கூருடையது. கவிதையில் உழைப்பின் விளைவு முழுவதற்கும் உரிமையாளர் யார் என்ற கேள்வி எழுகிறது. இரக்கத்தின் இடத்துக்குக் கணக்கு வருகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மீதான விவாதத்தில் உறுப்பினர் மனோஜ் ஜா அக்கவிதையை மாநிலங்களவையில் வாசித்தார். தாக்கூர் என்பவர் ஒரு சாதியல்லர், ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கும் ஆதிக்க மனம் என்னும் பொருளிலேயே பேசினார். ஆயினும் தம் சாதியை இழித்துரைத்ததாகப் பீகாரில் அரசியல்வாதிகள் சிலர் கொதித்தெழுந்தார்கள். அவருடைய கட்சியின் சட்டமன்ற உறுப்பினரே அவர்களுள் ஒருவர். நாற்பது ஆண்டு கடந்த ஒரு சிறு கவிதை யாருக்கும் புதிதாக எதையும் சொல்லவில்லை என்றால், இத்தனை சினம் எதற்கு?

மீண்டும் அந்த வகுப்பறைக்குத் திரும்பலாம். அங்கே கதை தோற்றது என்று தோன்றுவது, ஆசிரியரை மட்டுமே பார்ப்பதால்தான். அவர் துரோணரின் வறுமையைத் துரோணருடையதாக மட்டுமே கேட்டார். பிராமணக் குருவின் பசி அவருக்குத் துயரம். சேரிச் சிறுவனின் பசி அவர் காதில் ஒலியாகவே விழவில்லை. ஆனால் அதே கதை அதே அறையில் இன்னொருவர் செவியிலும் விழுந்தது. அவன் மாவுக்கரைசலையும் வடித்த கஞ்சியையும் அருகருகே வைத்தான். இரண்டுக்கும் இடையே வேறுபாடு பசியில் இல்லை, எழுதப்பட்டதா இல்லையா என்பதில் இருக்கிறது என்று கண்டான். காவியம் நினைத்துப் பாராததை அந்தக் காவியத்தைக் கொண்டே கண்டுபிடித்தான். கதையால் அறம் கற்பது என்றால் அது இதுதான்: கதையில் கண்ட ஒன்றைக் கதை காட்டாத அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்வது. கண்ணீர் அதற்கு அடையாளமன்று, கேள்வியே அடையாளம்.

இதிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு கடமை வருகிறது. ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்ற ஐந்து மதிப்பெண் வினா, கதையை விதியாகச் சுருக்கி, விதியை மட்டும் திருப்பிக் கேட்கிறது. ஸ்டோல்னிட்ஸ் சொன்னதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்கிறது. இந்தக் கதையில் யார் பேசவில்லை, யார் பார்வையில் இது சொல்லப்படுகிறது, இதே போன்றது இந்த ஊரில் எங்கே நடக்கிறது என்று கேட்கும் வகுப்பறை அமைதியாக இராது. அங்கே சில மாணவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர்கள் கேட்பது பாடத்தையும், பாடம் நடத்துகிறவரையும், அந்த நிறுவனத்தையும் தொடும்.

கிணறுகளைத் திறந்தவை சட்டமும் போராட்டமும், கதைகள் அல்ல. இந்த எல்லையை மறைத்து இலக்கியத்துக்குப் பெருமை தேட வேண்டியதில்லை. திறந்த கிணற்றடியில் இன்றும் சற்றுத் தள்ளி நிற்பவர் யார் என்பதைக் கேட்கும் செவியைக் கதைகள் பழக்கலாம், பழக்காமலும் போகலாம். அது கதையின் கையில் பாதி. மறுபாதி, எழுந்து நிற்கும் சிறுவனை நோக்கி ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது.