எம்மருந்து சிறந்தது?

நோய்களுட் பல முதுமையை நாடி வருவன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்புநோயோ இருபதிற்கும் நாற்பதிற்கும் இடைப்பட்ட பருவத்தினரையே பெரும்பாலும் பற்றுகின்றது. ஆடவரினும் மகளிரையே மிகுதியும் வருத்துகின்றது. உடலைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலுமுள்ள நரம்புகளின் உறையைச் சிதைத்தலால், கண் மங்கும்; கை மரக்கும்; கால் தளரும். இதனை அடியோடு களையும் மருந்து இன்றளவும் இல்லை. நோய் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுதலைக் குறைக்கும் மருந்துகளே உள.

முன்னர் இவை ஊசிவழியே செலுத்தப்பெற்றன. 2010இல் பிங்கோலிமோட் என்னும் உண்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2012இல் டெரிபுளுனோமைடும், 2013இல் டைமெத்தில் பியூமரேட்டும் அதனைத் தொடர்ந்தன. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், முதலதும் மூன்றாவதும் நோய்க்கிளர்ச்சியை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தன. இரண்டாவது மூன்றிலொரு பங்களவு குறைத்தது. ஆயினும் இவ்வாய்வுகள் வெவ்வேறு நோயாளரிடை நிகழ்ந்தவை. ஒரே பந்தயத்தில் ஓடாதாருள் வென்றவர் யாரென்று எங்ஙனம் கூறுவது?

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து, துணைநிற்போன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். மருந்தொன்றையே நோக்குவார் ஏனை மூன்றனையும் மறந்தாராவர். சின்னாளபட்டியில் நெசவுத்தொழில் செய்யும் இளம்பெண்ணொருத்தி மகப்பேற்றை விரும்பின், அவளுக்கு டெரிபுளுனோமைடு ஆகாது; அது கருவிற்குத் தீங்கு செய்வதோடு, நிறுத்திய பின்னும் ஈராண்டு வரை உடலில் தங்கக்கூடும். பிங்கோலிமோடும் கருவுறு காலத்திற்கு ஏற்றதன்று. மேலும், அதன் முதல் வேளை நாடித்துடிப்பைத் தாழ்த்துமாதலின் 6 மணி நேரம் கண்காணிப்பு வேண்டும். இதயநோயுடையார் பலர்க்கு அது பொருந்தாது. திடீரென நிறுத்தின் நோய் முன்னினும் கடுமையாய் எழலாம். டைமெத்தில் பியூமரேட்டோ நாடோறும் இருவேளை உண்ணற்பாலது; முகம் சிவந்து எரிதலும் வயிற்றுக் கலக்கமும் தரும். நூற்பாலையில் இரவும் பகலும் மாறிமாறி உழைப்பவர் அவ்விருவேளையைத் தவறாது காத்தல் எளிதோ?

அன்றியும், இம்மூன்றனுக்கும் குருதிச்சோதனை இன்றியமையாதது. வெள்ளணுக்கள் மிகக் குறைதலையோ ஈரல் பழுதுறுதலையோ உரியகாலத்துக் காணாவிடின் மருந்தே பகையாகும். நத்தத்திலும் வேடசந்தூரிலும் வாழும் ஏழை, சோதனைதோறும் கூலியிழந்து மதுரைக்குச் செல்ல நேரின், எத்துணைச் சிறந்த மாத்திரையும் அவனுக்குப் பயன்படாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன்னுள் எண்ணியது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறந்துவைக்கப்பெற்றது. நம் நாட்டு நிறுவனங்களும் இம்மருந்துகளைச் செய்கின்றன. ஆதலின், மாத்திரையும் அதற்குரிய சோதனையும் ஒருங்கே, விலையின்றி, அவ்வம்மாவட்டத்து அரசு மருத்துவமனையிலேயே ஆண்டு முழுவதும் கிடைத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. மருத்துவரும் ஒவ்வொரு மருந்தின் நன்மை தீமைகளை நோயாளர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்து, அவர்தம் விருப்பத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு தன் கடன் தீர்ந்ததெனக் கருதினானல்லன். சத்திரத்திற் சேர்த்து, மேற்செலவையும் தானே ஏற்றான். நெடுநோயாளர்க்கு வேண்டுவது அத்தகைய நெடிய அன்பேயாம்.