நிழலில் வளரும் குறிஞ்சி

நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் மரங்களுக்கடியில் அடர்ந்து நிற்கும் புதர்களில் பெரும்பகுதி குறிஞ்சி வகையைச் சேர்ந்தவை. குறிஞ்சி என்றதும் 2006, 2018 என 12 ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் செடியே பலருக்கும் நினைவுக்கு வரும். அது புல்வெளிச் செடி; வெயில் வேண்டும். மரநிழல் விழும் ஈரமான தோட்டத்துக்கு உரியவை அதன் உறவுச் செடிகளான சோலைக் குறிஞ்சிகளே. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் இரண்டும் அடங்கும். ஆனால் மலைநகரத் தோட்டங்களின் நிழல் மூலைகளை ஜப்பானிய ஹைட்ராஞ்சியாவும் தென்னமெரிக்க ஃபுச்சியாவும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சோலைக் குறிஞ்சி நிழலை நாடுவதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைப் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுகிறது. திறந்தவெளியில் முளைக்கும் சோலை நாற்றுகள் அதில் கருகிவிடுகின்றன. மேலே மரக்கிளைகள் கவிந்திருந்தால் தரையின் வெப்பம் அவ்வளவு விரைவில் வெளியேறாது, நாற்று தப்பிக்கும். எனவே மரமில்லாத தோட்டத்தில் இதை முதலில் நடுவது வீண்வேலை. மரத்தை நட்டு, நிழல் கூடிய பிறகே புதருக்கு வர வேண்டும்.

சோலை மண் கருமையானது, இலைமக்கு நிறைந்தது, அமிலத்தன்மை கொண்டது. தோட்டத்திலும் உதிர்ந்த இலைகளைப் பெருக்கி எரிக்காமல் செடியைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். சுண்ணாம்பு இடக் கூடாது. ஈரம் வேண்டும், ஆனால் வேரில் நீர் தேங்கக் கூடாது. ஆகவே சமதளத்தைவிடச் சரிவே நல்லது. நீலகிரியில் நடவுக்கு ஏற்ற காலம் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கம்.

விதை சேகரிப்பதில்தான் கவனம் தேவை. காய் முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். உள்ளிருக்கும் கொக்கி போன்ற சிறு காம்புகள் விதைகளைத் தூர எறிந்துவிடும். காய்கள் பழுப்பேறும்போதே கதிரை மெல்லிய துணிப்பையால் கட்டிவிட வேண்டும். தண்டுத் துண்டு நடுவதும் கைகொடுக்கும். இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டில் ஒரு கணுவை மணலும் இலைமக்கும் கலந்த கலவையில் புதைத்தால், அந்த வீங்கிய கணுவிலிருந்து வேர் இறங்கும். விதையோ தண்டோ காப்புக்காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம், நாற்றுப்பண்ணையே வழி.

சோலைக் குறிஞ்சிகளில் பல இனங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஒன்றாகப் பூத்து, விதை விட்டு, கூட்டமாக மடிகின்றன. அழகுக்காக மட்டும் செடி வளர்ப்போருக்கு இது எரிச்சல்தான்! காய்ந்த புதரை அவசரப்பட்டு வெட்டினால் அடுத்த தலைமுறைக்கான விதை மண்ணில் விழாது. காய்கள் வெடித்து முடியும்வரை அதை விட்டுவைக்க வேண்டும். பூக்கும் காலம் வேறுபடும் இனங்களைக் கலந்து நட்டால் தோட்டம் ஒரேயடியாக வெறுமையாவதையும் தவிர்க்கலாம்.

இடம் காலியானால் உண்ணிச்செடி போன்ற அயல் களைகள் நுழையக் காத்திருக்கின்றன. அந்த இடத்தை நிரப்ப நாற்று கிடைக்கும்படி, மலைமாவட்ட அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் பூந்தொட்டி ரகங்களுக்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியைச் சோலைக் குறிஞ்சி நாற்றுகளுக்கு ஒதுக்க வேண்டும். விடுதி நடத்துவோரும் வீட்டுக்காரர்களும் அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.