தாங்கிகளின் நிழலில்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவனுக்குப் பகைவர் இருவர்: சித்திரை வெயிலும் உப்புக்காற்றும். ஒன்று வர்ணத்தை உரிக்கும். மற்றது தகட்டை அரிக்கும். இவற்றோடு வாழப் பழகிவிட்டோம். 2022 இல் மூன்றாவது பகை வந்தது. அனல் பறக்கும் தெருவில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் காத்துக் கிடந்தோம். ஜூலையில் கியூ.ஆர். பங்கீடு அறிமுகமானபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள்.

வேடிக்கை என்னவெனில், நகருக்கு அண்மையில் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. அவ்வாண்டு ஜனவரியிற்றான் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் இணைந்த கம்பனிக்கு 61.

டொலர் இல்லாதபோது தாங்கி என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமே. ஆனால் விளைந்த காலத்தில் நெல்லைச் சேமிக்கத்தானே பட்டறை? டொலர் உள்ள காலத்தில் நிரப்பி, நெருக்கடியில் மட்டும் திறப்பதற்கெனச் சில தாங்கிகளையேனும் சட்டத்தால் ஒதுக்குங்கள். அடுத்த பஞ்சத்திலும் நிரம்பாத தாங்கிகளின் நிழலில் நாம் வரிசை கட்டி நிற்கலாகாது.