குற்றம் ப்ளாஷுடையதல்ல

"சைனா ப்ளாஷ் வாங்கினா இப்படித்தான்." ப்ளாஷ் அடிக்கவில்லை என்று எந்த போட்டோகிராபர் சொன்னாலும் உடனே வரும் தீர்ப்பு இது. எனக்கு இதன் மேல் பல வருடக் கோபம். சாப்ட்வேர் வேலையில் இரண்டு சிஸ்டம் பேசிக்கொள்ளவில்லை என்றால், இன்டர்ஃபேஸில் கை வைத்தது யார் என்றுதான் முதலில் கேட்போம். கேமரா விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆலங்குளத்திலோ ராஜபாளையத்திலோ ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று முடிச்சுக்கு ரீடேக் கிடையாது. ட்ரிக்கரிலும் ப்ளாஷிலும் ஒரே சேனலா, குரூப் சரியா, ப்ளாஷ் ஸ்லேவ் மோடில் இருக்கிறதா, கேமராவில் சைலன்ட் ஷட்டர் ஆஃபா, எல்லாம் பார்த்தாயிற்று. ட்ரிக்கரின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் தூரத்து ப்ளாஷ் அடிக்கிறது. ஷட்டரை அமுக்கினால் அடிப்பதில்லை. அப்படியென்றால் ரேடியோ நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கேமராவும் ட்ரிக்கரும் தொடும் இடத்தில்.

அந்த இடம்தான் ஹாட் ஷூ. அதன் நடுவிலுள்ள பெரிய புள்ளி 'இப்ப அடி' என்ற ஒரே செய்தியைச் சொல்லும். அது எந்தக் கம்பெனி ப்ளாஷுக்கும் புரியும். சுற்றியிருக்கும் சின்னப் புள்ளிகளில் கேனானும் நிக்கானும் ஆளுக்கொரு பாஷை பேசுகின்றன. அதன் இலக்கணத்தைப் பொதுவில் வெளியிடுவதில்லை. மற்ற கம்பெனிகளில் பல ஒட்டுக்கேட்டுத்தான் கற்றுக்கொள்கின்றன. 2019இல் வந்த 200டி மார்க் 2 கேமராவில் கேனான் நடுப்புள்ளியையே எடுத்துவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்த எளிய ட்ரிக்கர்கள் அந்தக் கேமராவில் ஊமை. ஊர்ப்பொதுப் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டு, வண்டி சரியில்லை என்று சொல்வதா?

பழைய ப்ளாஷ்களின் அதிக வோல்டேஜ் கேமராவைக் கெடுக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு ஐ.எஸ்.ஓ. 10330 தரம் 24 வோல்ட் என்று வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு இருக்கும்போது பாதையை ஏன் அடைக்க வேண்டும்?

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. மினோல்டா 1988இல் தனக்கென்று வேறு வடிவ ஷூ செய்தது. 2006இல் அந்தக் கேமராத் தொழிலை வாங்கிய சோனி, 2012இல் அந்த வடிவத்தைக் கைவிட்டு, பொது வடிவத்தோடு ஒத்துப்போகும் ஷூவுக்கு வந்தது. சார்ஜரிலும் ஆளுக்கொரு ஓட்டை வைத்திருந்தார்கள். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புது டிஜிட்டல் கேமராக்களுக்கும் யுஎஸ்பி-சி கட்டாயம். சட்டம் கேட்டால் கம்பெனி கேட்கும்.

நான் கேட்பது இரண்டுதான். நடுப்புள்ளி எல்லாக் கேமராவிலும் இருக்கட்டும். சின்னப் புள்ளிகளின் பாஷையை வெளியிடட்டும். அதுவரை, கடையில் பாடியைக் கையில் வாங்கியதும் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். மூடியைக் கழற்றி ஷூவின் நடுவில் பாருங்கள்.