போர்டில் பாடுது, லேப்டாப்பில் ஊமை!

போன ஞாயிறு சூளகிரியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்குள் அக்கா மகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ், கடைசி வருஷம். கண் சிவந்திருந்தது.

"மாமா, போர்டுல ஓடுது. இதுல ஓடவே மாட்டேங்குது. நாளைக்கு சிமுலேஷன் படம் ஒட்டலைன்னா ரெக்கார்டுல கையெழுத்து கிடையாதாம்."

சர்க்யூட் சின்னதுதான். ஒரு ஆப்-ஆம்ப், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்று. ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர். கணக்குப்படி 650 ஹெர்ட்ஸ் வரணும். போர்டில் பஸ்ஸர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. எல்டிஸ்பைஸ் திரையிலோ நேர்கோடு.

முதல் தப்பு உடனே தெரிந்தது. பதற்றத்தில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை ஒரு மெகா ஓம் ஆக்குவதாக நினைத்து '1எம்' என்று அடித்திருக்கிறாள். இந்த மென்பொருளுக்கு 'எம்' என்றால் மில்லி! பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமெல்லாம் பார்க்காது. மெகாவுக்கு 'எம்இஜி' என்று மூன்றெழுத்தும் அடிக்கணும். 1973-ல் பெர்க்லியில் ஸ்பைஸ் பிறந்த காலத்துப் பழக்கம். எத்தனை இன்ஜினீயர்களின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்ததோ!

போர்டில் இருக்கிற மாதிரியே 330 கிலோ ஓம் போட்டோம். அப்பவும் நேர்கோடு. அவள் முகம் இன்னும் சுருங்கியது.

"போர்டுல இதை யாரு ஆரம்பிச்சு வெச்சது, சொல்லு?"

"சுவிட்சைப் போட்டேன், ஓடுச்சு."

அந்த சுவிட்ச் போட்ட அதிர்ச்சிதான் ஒன்று. இன்னொன்று, ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் சூட்டில் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். 1928-லேயே பெல் ஆய்வகத்தின் ஜான்சன் அந்த இரைச்சலை அளந்து எழுதிவிட்டார். துளியூண்டு இரைச்சல், சுற்றிச் சுற்றிப் பெருகி அலையாகிறது. கம்ப்யூட்டருக்குள் அந்த இரைச்சல் கிடையாது. முதலில் எல்லா வோல்டேஜையும் நிலையாகக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். நின்ற ஊஞ்சல் நின்றபடியே இருக்கும். யாராவது தள்ளணும்.

ஒரு கெப்பாசிட்டரில் ஆரம்ப வோல்டேஜ் 0.1 என்று கொடுக்கச் சொன்னேன். ஓட்டினாள். கோடு நெளிந்தது, வளர்ந்தது, அலையானது. வீடே கேட்கிற மாதிரி ஒரு கத்தல்! அக்கா காபியோடு ஓடி வந்தாள்.

உச்சி மட்டும் வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தது. இந்தச் சுற்றுக்கு 29 மடங்கு பெருக்கம் போதும். 330 கிலோவில் 33 மடங்கு, கொஞ்சம் அதிகம். 300-க்கு இறக்கினோம், ஓரளவு உருண்டது. 270 போட்டுப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் படுத்துவிட்டது. "இதையும் ரெக்கார்டுல ஒட்டு, வைவாவுல கேட்பாங்க" என்றேன்.

"அடுத்து வாட்ச் கிரிஸ்டல் போட்டுப் பார்க்கவா மாமா?" என்றாள். ஓசூர்க்காரி வேறெதைக் கேட்பாள்! அது நொடிக்கு 32,768 தடவை ஆடும். ஆனால் ஆட்டம் பிடிக்க நிறைய நேரம் எடுக்கும். சிமுலேஷனில் ஓட்டிவிட்டு சாப்பிடப் போகலாம் என்று சொல்லி, ஆறிப்போன காபியை எடுத்தேன்.