அனாமத்தில் போடக் கூடாத கசிவு

கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கணக்கு ஒரு லட்சம் உதைத்தால் அரை மணியில் கண்டுபிடித்துவிடலாம். ஒன்பது ரூபாய் உதைத்தால் இராத்திரி முழுக்க உட்கார வேண்டும். பெரிய பிழை தானே பல்லைக் காட்டும். சின்னது பேரேட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். அலுத்துப்போய், "அனாமத்தில் போட்டு மூடிவிடலாமா சார்?" என்று நான் கேட்ட நாட்கள் உண்டு. எங்கள் கண்காணிப்பாளர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. "எங்கே என்று தெரியாமல் எதையும் மூடாதே" என்பார்.

அந்தப் பேச்சு எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது அமெரிக்காவில், மகள் வீட்டில். நியூஜெர்சியில் ஆறு மாதம் இருந்தோம். அவர்களுடைய கார் பதினொரு வயதுக் கிழவி. ஒருநாள் காலை எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. வண்டி ஓடுவதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாநிலத்தில் விளக்கு எரிகிற வண்டி புகைச் சோதனையில் தேறாது. சோதனைக்குக் கெடு இன்னும் ஒரு மாதம்தான்.

பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். 'பி 0442' என்று வந்தது. பெட்ரோல் ஆவி எங்கோ சிறிதாகக் கசிகிறது என்று அர்த்தம். உடனே, கரி டப்பாவை மாற்ற வேண்டும், அறுநூறு டாலருக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனாலும் மாப்பிள்ளையிடம் கேட்டேன்: "கசிவு எங்கே இருக்கிறது என்று சொன்னார்களா, மாப்பிள்ளை?"

"அதைச் சொல்லவில்லை மாமா. வழக்கமாக அந்த டப்பாதான் போகுமாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றிரவு பேரனிடம் டேப்லெட்டை வாங்கி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன்.

பெட்ரோல் தொட்டியில் திரவத்துக்கு மேலே எப்போதும் ஆவி இருக்கும். வெயில் ஏற ஏற அது கூடும். அதைக் காற்றில் விட்டால் வெயிலில் மற்ற புகைகளோடு கலந்து ஓசோனாகி மூச்சை அடைக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்தப் புகைமூட்டத்தில் பட்ட பாட்டால்தான், கலிபோர்னியாவில் 1970 மாடல் கார்களிலிருந்தே ஆவியைப் பிடித்து வைக்கச் சட்டம் வந்தது. கரி நிரப்பிய டப்பா ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். டப்பாவுக்குள் வெளிக்காற்று வர இன்னொரு வால்வு உண்டு. கார்க் கணினி அவ்வப்போது இரண்டையும் மூடிவிட்டு, உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும். ஒரு மில்லிமீட்டர் துளை இருந்தாலே கண்டுபிடித்துவிடும். பிற்பாடு வந்த கார்களில் அரை மில்லிமீட்டர்!

சந்தேகத்தை மலிவான இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் பெட்ரோல் மூடி. நியூஜெர்சியிலும் நம் ஊர் மாதிரி பங்கில் ஆள்தான் பெட்ரோல் போடுவார். சரியாகத் திருகாமல் விட்டிருக்கலாம், ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். புது மூடி வாங்கிப் போட்டோம். பத்து நாள் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர், "கருவியை வைத்துப் பதிவை அழித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போங்கள்" என்றார். அதுதான் அனாமத்து! பதிவை அழித்தால் கணினி தன் சோதனைகளையெல்லாம் முதலிலிருந்து முடிக்க வேண்டும். முடிக்காத வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள். முடித்தாலோ கசிவு மறுபடி தலைகாட்டும்.

பிறகு வேறொரு பட்டறையில் புகைச் சோதனை செய்தோம். மிகக் குறைந்த அழுத்தத்தில் வெண்புகையைக் குழாய்களுக்குள் செலுத்துகிறார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இங்கே வைக்கக் கூடாது. நல்ல பாகமும் உடைந்துவிடும். பெட்ரோல் ஆவியோடு விளையாட்டும் ஆகாது. "தேடுவதற்கே நூற்றிருபது டாலரா?" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

நான் பக்கத்திலேயே நின்றேன். கரி டப்பாவில் ஒன்றுமில்லை. வால்வுகளும் சரி. பெட்ரோல் ஊற்றும் குழாயின் கழுத்தில், பட்டைக்கு அடியில், ஊதுவத்திப் புகைபோல ஓர் இழை எழும்பியது. பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள் அல்லவா, அது தின்ற துரு. நான் படித்த பிரெஞ்சில் கசிவுக்கும் தப்பி ஓடுவதற்கும் 'ஃபுயித்' என்று ஒரே சொல். ஓடிப்போனவன் அகப்பட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். குழாய் மாற்றிய செலவு, தேடிய கூலியையும் சேர்த்து, முதலில் கேட்டதில் பாதிதான். டப்பாவை மாற்றியிருந்தால் அறுநூறும் போய், விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். தேடுகிற நேரத்துக்குக் காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, பொருளுக்கென்றால் கொடுத்துவிடுகிறோம். அதனால் அவரும் பொருளை விற்கிறார். குற்றத்தில் பாதி நம்முடையது. மெக்கானிக்கானாலும் டாக்டரானாலும், "எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்பதற்குமுன் "எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். அந்த பதிலுக்குக் கூலி கேட்டால் கொடுங்கள். அது வீண் செலவு அல்ல.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். இங்கே பெட்ரோல் விலை குறைவு என்பதால் பக்கத்து மாவட்டத்து வண்டிகளெல்லாம் வந்து கழுத்துவரை நிரப்பிக்கொண்டு போகின்றன. பைப் தானாக 'டக்' என்று நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்று வண்டியை ஆட்டி ஆட்டி ஊற்றுகிறோம். நம் கார்களிலும் அந்தக் கரி டப்பா இருக்கிறது. அது ஆவிக்கு வைத்தது. பெட்ரோலே உள்ளே புகுந்தால் கரி ஊறிக் கெட்டுவிடும். பத்து ரூபாய் பெட்ரோலுக்காகப் பல ஆயிரத்தைக் கெடுக்காதீர்கள். நின்றதும் நிறுத்தச் சொல்லுங்கள். மூடியை 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை திருகச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் வாடை வந்தால், விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தப் புகை இழையை அவருக்குக் காட்டியிருப்பேன். "ஒன்பது ரூபாய் கிடைத்துவிட்டது சார்" என்று சொல்லியிருப்பேன்.